முள் பாதிக்கு வந்தால்

பிப்ரவரி 9, வெள்ளி

போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் தீவுக்கு வந்து சேர்ந்தோம். கடல் அமைதி. எனக்கு இரண்டு முறை வாந்தி. பூங்கோதைக்கு ஒன்றுமில்லை. அவள் சமோசாவையும் தின்று, நான் தொடாமல் வைத்த சமோசாவையும் தின்றாள்.

இந்தப் பயணம் என் யோசனை அல்ல என்பதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். எனக்கு அறுபது முடிந்ததற்கு மண்டபம் பிடித்துச் சொந்தக்காரர்களுக்குச் சோறு போடலாம் என்றிருந்தேன். மகன் அருள்மொழி அவன் அம்மா பூங்கோதையிடம், "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டிருக்கிறான். அறுபது எனக்கு, கேள்வி அவளுக்கு. கடலுக்கு அடியில் போய்ப் பார்க்க வேண்டும் என்றாளாம். விமான டிக்கெட் வந்த பிறகுதான் விஷயம் எனக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் இப்படி ஓர் ஆசையை அவள் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லைதான். கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்று ஏதாவது சட்டம் இருக்கிறதா?

சாயங்காலம் டைவிங் கடைக்குப் போனோம். இடுப்பில் ஈயக்கட்டி கட்ட வேண்டுமாம், அதற்காக ஆளை எடை போட்டார்கள். தராசில் முத்திரை இல்லை. ஆளே ஏறாமல் முக்கால் கிலோ காட்டியது. நான் ஈரோட்டில் எடையளவுத் துறையில் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மஞ்சள் மண்டியில் என் தலை தெரிந்தாலே தராசுகள் நேராகும். ஓய்வு பெற்றுவிட்டதால் இங்கே ஒன்றும் சொல்லவில்லை. சொன்னேன், ஆனால் சுருக்கமாகச் சொன்னேன்.

பிப்ரவரி 10, சனி

எங்களுக்குக் கற்றுக் கொடுப்பவள் ஜெனிட்டா ஃபெர்னாண்டோ. தூத்துக்குடிப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். தமிழ் பேசும் ஆள் வேண்டும் என்று அருள்மொழி முன்பே கேட்டிருந்தானாம். என்னை சார் என்கிறாள், பூங்கோதையை அக்கா என்கிறாள். எந்தக் கணக்கில் என்று தெரியவில்லை.

முதலில் நீச்சல் தேர்வு. எனக்குக் கவலை பூங்கோதையைப் பற்றித்தான். நான் கிணற்றில் கற்றவன். என் தாய்மாமன் சுரைக்குடுக்கையைக் கட்டி மேலிருந்து தள்ளிவிட்டுக் கற்றுக் கொடுத்தார். ஆனால் கிணற்றில் நாலு கை போட்டால் சுவர் வந்துவிடும், பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கலாம். இங்கே சுவர் வரவே இல்லை. இரண்டு முறை நின்று நின்று முடித்தேன்.

பூங்கோதை நிற்கவில்லை. முடித்துவிட்டு மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள். போதும் என்று ஜெனிட்டா சொன்ன பிறகும் மிதந்தாள்.

"எப்பக் கத்துக்கிட்ட?" என்று கேட்டேன்.

"பவானில பொறந்தவளுக்கு நீச்சல் தெரியாதுங்களா? ஆத்துல அக்கட்டால கரைக்குப் போயிட்டு வருவம்னு கல்யாணமான புதுசுலயே சொன்னனுங்களே."

சொல்லியிருக்கலாம். அப்போது நான் பதவி உயர்வுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்கு மேல் இடுப்பளவுத் தண்ணீரில் பாடம். வாயில் கவ்விக்கொள்ள ஒரு ரப்பர், முதுகில் சிலிண்டர், காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்ட முள் வைத்த ஒரு மீட்டர். எந்தக் காரணத்துக்காகவும் மூச்சை அடக்கக் கூடாது என்பது முதல் விதி. கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடியைத் தண்ணீருக்குள் கழற்றி மாட்டச் சொன்னாள். எனக்கு மூக்கில் தண்ணீர் ஏறியது. விவரம் எழுத விரும்பவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

இன்று பவளப்பாறைக்குப் போனோம். கரையிலிருந்து படகில் கொஞ்ச தூரம். ஓட்டுபவர் விஸ்வாஸ் என்ற வங்காளி. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது, அதனால் எங்களுக்குள் தகராறு ஒன்றும் இல்லை.

கடல் ஆழமில்லை. இரண்டு மாடி உயரம்தான் இருக்கும். அடி வரை வெளிச்சம். மான் கொம்பு போல் பவளம், மூளை போல் பவளம், இலைக்கோசு போல் பவளம். மஞ்சள், நீலம், வரி போட்டது என்று மீன்கள் எங்களைச் சட்டையே செய்யாமல் போய்வந்தன. கிளிமீன் பவளத்தைக் கடித்துத் தின்னும் சத்தம் பக்கத்தில் யாரோ முறுக்குத் தின்பது போல் கேட்டது. நன்றாக இருந்தது. நான் அப்படி லேசில் எழுதுகிறவன் அல்ல.

இங்கே சில விதிகள். உள்ளே போகிறவர்கள் ஜோடியாகப் போக வேண்டும். ஒருவரை ஒருவர் கை எட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும். யாராவது ஒருவருக்கு முள் பாதிக்கு வந்தால், ஒரு கையை நட்டு அதன் மேல் மறு கையைப் படுக்க வைத்துக் காட்ட வேண்டும். உடனே எல்லோரும் திரும்ப வேண்டும். மற்றவருக்கு எவ்வளவு மிச்சம் இருந்தாலும் சரி. மீதிப் பாதி திரும்பி வருவதற்கு.

இந்தப் பாறைத் திட்டின் மறுகோடியில் ஒரு பெரிய பவளப் பாறை இருக்கிறதாம். அங்கே ஆமை வந்து அசையாமல் நிற்குமாம். சின்ன மீன்கள் அதன் ஓட்டிலும் கழுத்திலும் இருக்கிற அழுக்கைக் கொத்தித் தின்னுமாம். முடிந்ததும் ஆமை போய்விடுமாம். படகில் ஜெனிட்டா இதைச் சொன்னபோது பூங்கோதை கையில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு தின்ன மறந்துவிட்டாள்.

"நெசமாவா கண்ணு? அதுவா வந்து நிக்குமா?"

"ஆமாக்கா. நம்ம ஊர் சலூன்ல தலையக் குடுத்துட்டு ஒக்காந்திருப்பாவல்ல, அதே மாதிரி."

அங்கே போய்ச் சேரவில்லை. பாதி வழியில் என் முள் பாதிக்கு வந்துவிட்டது. கையைக் காட்டினேன். திரும்பினோம்.

மேலே வந்து பூங்கோதையின் மீட்டரைப் பார்த்தேன். என்னிடம் இருந்ததைப் போல் இரண்டு பங்கு இருந்தது.

பிப்ரவரி 12, திங்கள்

மீட்டர் கோளாறு. எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரே ஆழம், ஒரே நேரம், ஒரே பாதை, ஆனால் இரண்டு மீட்டரில் இவ்வளவு வித்தியாசம். மண்டியில் இப்படி இருந்தால் அந்த இடத்திலேயே பறிமுதல் செய்திருப்பேன்.

ஜெனிட்டாவிடம் மீட்டரை எப்போது சோதித்தார்கள், சான்று எங்கே என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "அப்ப இன்னைக்கு மாத்திப் போட்டுக்கோங்க சார். அக்காவோடத நீங்க போடுங்க, உங்களோடத அக்கா போடட்டும்" என்றாள். நியாயமான பேச்சு.

மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கினோம். நேற்று திரும்பிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே என் முள் பாதிக்கு வந்துவிட்டது.

ஆமை இல்லை. அதாவது, அங்கே நாங்கள் போகவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

சிலிண்டரில் குறைவாக அடைக்கிறார்களோ என்று கடையில் இரண்டையும் ஒரே மீட்டரில் வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தன. அதே இடத்தில் திரும்பினோம்.

பிப்ரவரி 14, புதன்

காலையில் உள்ளே போய்வந்து படகில் ஏறியதும் ஜெனிட்டா என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"சார், ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீங்க. மீட்டர்ல ஒண்ணும் இல்ல. நீங்க உள்ள பேசுதீய."

வாயில் ரப்பரைக் கவ்விக்கொண்டு யாராவது பேச முடியுமா என்று கேட்டேன்.

"முடியாதுதான். நீங்க பேசுதீய. 'காலத் தூக்கு', 'அங்க போகாத', 'எம்பக்கம் வா', 'அதத் தொடாத'. எல்லாம் கேக்குது. அக்கா எதையும் தொடவே இல்ல. நேத்து பக்கத்துப் படகுக்காரவ என்கிட்ட வந்து, உங்க கூட வந்தவருக்கு உள்ள என்ன ஆச்சுன்னு கேட்டாவ."

பூங்கோதையைச் சாட்சிக்கு அழைத்தேன். நான் உள்ளே பேசுகிறேனா?

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பழகிப்போச்சுங்க. நான் கவனிக்கலீங்க" என்றாள்.

இதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது.

"பேசுனா காத்து தாறுமாறாப் போகும் சார்" என்றாள் ஜெனிட்டா. "ஒண்ணு, பேசாம வாங்க. இல்லாட்டி ஒரு நா நீங்க படகுல இருங்க. அக்காவ நான் கூட்டிட்டுப் போயி ஆமையக் காட்டிட்டு வாரேன். அக்காவுக்குக் காத்து நெறைய மிஞ்சுது. ரெண்டு தடவ போயிட்டு வரலாம்."

கட்டிய மனைவியைக் கடலில் இறக்கிவிட்டு வெயிலில் உட்கார்ந்திருப்பதற்கு நான் ஈரோட்டிலிருந்து வரவில்லை என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம். விஸ்வாஸ் திரும்பிப் பார்த்தார்.

பூங்கோதை உடனே, "அவரு வல்லீன்னா நானும் போகல கண்ணு. இருக்கட்டும்" என்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. துண்டை எடுத்து என் முதுகைத் துடைத்துவிட்டாள்.

மதியம் மீன் குழம்பு. நன்றாக இருந்தது. அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

இன்று பேசுவதில்லை என்று தீர்மானித்து இறங்கினேன். வாயைத் திறக்கவில்லை. முள் மெதுவாக இறங்குவதை நானே பார்த்தேன். தினமும் திரும்பும் இடத்தைத் தாண்டினோம். அங்கே விசிறி மாதிரி ஒரு பவளம் இருக்கிறது, இதுவரை பார்த்ததில்லை.

அப்போது பூங்கோதை முன்னால் போனாள். கை எட்டும் தூரம் என்பது விதி. அவள் இரண்டு கை தூரம் போய்விட்டாள். வேகமாகக்கூடப் போகவில்லை. கையை மடித்து வைத்துக்கொண்டு, காலை மட்டும் லேசாக அசைத்து, கோயில் பிராகாரத்தில் நடப்பவள் போல் போய்க்கொண்டிருந்தாள். நான் பின்னால் வருகிறேனா என்று திரும்பிப் பார்க்கவில்லை. கூப்பிட்டேன். ஒரே ஒரு முறை. அவளுக்குக் கேட்கவில்லை, அதனால் இன்னும் சில முறை கூப்பிட்டேன்.

முள் பாதிக்கு வந்துவிட்டது.

தூரத்தில் கறுப்பாக, உயரமாக ஏதோ தெரிந்தது. அந்தப் பாறையாக இருக்கலாம். பூங்கோதை அதைப் பார்த்தாள், பிறகு பாதி என்று காட்டிய என் கையைப் பார்த்தாள். உடனே திரும்பிவிட்டாள். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது. இதை எழுத்தில் பதிவு செய்கிறேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

காற்று பலம். படகு போகவில்லை. துணி துவைத்தோம். என் பனியன் ஒன்று காற்றில் பறந்து தென்னை மரத்தில் மாட்டிக்கொண்டது. கழி வைத்து எடுத்தேன்.

சாயங்காலம் கரையில் உட்கார்ந்திருந்தோம். திங்கட்கிழமை போர்ட் பிளேர், மறுநாள் விமானம். பறப்பதற்கு முந்தின நாள் கடலில் இறங்கக் கூடாதாம். அதனால் காற்று நின்றால் நாளையும் ஞாயிறும் மட்டும்தான் என்று அவளிடம் சொன்னேன்.

"பரவால்லீங்க. பாத்த வரைக்கும் போதும்" என்றாள்.

இந்தப் 'போதும்' எனக்குப் பழக்கமானது. எனக்கு தர்மபுரிக்கு மாறுதல் வந்தபோது அவள் பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். படித்த வரைக்கும் போதும் என்று அவளேதான் சொன்னாள். அவள் அக்கா தங்கைகளோடு காசிக்குப் போனபோது எனக்குக் காய்ச்சல் வந்தது. நான் போன் செய்தேன், வரச் சொல்லவில்லை, காய்ச்சல் என்று மட்டும்தான் சொன்னேன். அலகாபாத்திலிருந்து திரும்பி வந்துவிட்டாள். திரிவேணி பார்த்தது போதும் என்றாள். இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. பொழுது போகவில்லை.

அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.   

"ஆமை எத்தனை நேரம் நிக்குமாம்?" என்று கேட்டேன்.

"அதுக்கு ஆசை இருக்கிற வரைக்கும் நிக்குமாமுங்க. கண்ணு சொல்லுச்சு."

நாளைக்கு நான் படகில் இருக்கிறேன், நீ போய் வா என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. "நீங்க வெய்யில்ல உக்காந்திருக்க, நான் ஆமை பாக்கணுமாக்கும்? பேசாம இருங்க."

பிப்ரவரி 17, சனி

காற்று நின்றுவிட்டது. இன்று எனக்குக் காது வலி வந்தது.

வரிசையாக எழுதுகிறேன். படகில் ஏறும்போது வலி இல்லை. சிலிண்டர் மாட்டும்போதும் இல்லை. ஜோடிச் சோதனை செய்யும்போது பூங்கோதை என் பட்டையை இழுத்துப் பார்த்தாள், நான் அவளுடையதை இழுத்துப் பார்த்தேன். அப்போதும் இல்லை. மூவரும் தண்ணீரில் இறங்கி, படகிலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்து ஓர் ஆள் ஆழம்கூடப் போகவில்லை. எல்லோர் வாயிலும் ரப்பர் ஏறியாகிவிட்டது. அப்போது வந்தது.

காதைத் தொட்டு, கையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினேன். காது அடைத்தால் அப்படித்தான் காட்ட வேண்டும், பாடத்தில் இருக்கிறது. ஜெனிட்டா கொஞ்சம் மேலே ஏறச் சொன்னாள். ஏறினேன். சரியாயிற்றா என்று கையால் கேட்டாள். இல்லை என்று காட்டினேன். மறுபடி கேட்டாள். மறுபடி காட்டினேன். காது விஷயத்தில் இவர்கள் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. அதுவும் பாடத்தில் இருக்கிறது.

பூங்கோதை கண்ணாடிக்குள் கண்ணை அகல விரித்து என்னையே பார்த்தாள். நிறைய சொல்ல வேண்டியிருந்திருக்கும். ஆனால் அவளுக்கு உள்ளே பேசும் பழக்கம் இல்லை. கயிற்றைப் பிடித்து என் பக்கம் ஏறி வரப் பார்த்தாள். நான் கையை நீட்டி, போ என்று காட்டினேன். ஜெனிட்டா நான் ஏணியைப் பிடிக்கும் வரை பார்த்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

படகில் ஏறி உட்கார்ந்தேன். விஸ்வாஸ் என் காதைக் காட்டி ஏதோ கேட்டார். ஆமாம் என்றேன். பிளாஸ்கிலிருந்து டீ கொடுத்தார்.

தண்ணீருக்கு மேல் இரண்டு இடத்தில் குமிழி வந்துகொண்டிருந்தது. ஒன்று தாராளமாக வந்தது, அது ஜெனிட்டா. இன்னொன்று கொஞ்சமாக, விட்டு விட்டு. இரண்டும் பக்கம் பக்கமாகப் போயின. நாங்கள் தினமும் திரும்பும் இடம் வந்தது. தாண்டின. வியாழக்கிழமை திரும்பிய இடமும் வந்தது. அதையும் தாண்டின. பிறகு வெயில் பட்டு அந்தப் பக்கம் முழுதும் கண் கூசியது. குமிழி எது, அலை எது என்று தெரியவில்லை.

எனக்குப் பயமாக இருந்தது. எழுந்து நின்று பார்த்தேன். "காலைத் தூக்கிக்கோ, பவளம் குத்தும்" என்று சொல்லியிருக்கிறேன், சத்தமாக. விஸ்வாஸ் தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார்.

வெகுநேரம் கழித்துப் படகின் மறுபக்கம் பூங்கோதையின் தலை வந்தது. ஏணியைப் பிடித்து ஏறியதும் முதலில் அவள் மீட்டரைப் பார்த்தேன், பழக்க தோஷம். போய்விட்டு வந்த பிறகும் அவள் முள் பாதிக்குக் கொஞ்சம்தான் கீழே இருந்தது.

"பாத்தியா?"

"ஆமை இல்லீங்க" என்றாள். முகத்தில் கண்ணாடி அழுத்திய வட்டம். மூச்சு வாங்கச் சிரித்தாள். "இன்னிக்கு அது வரல. சின்ன மீனுங்க மட்டும் வேலைக்கு வந்துட்டு, ஆளக் காணம்னு நின்னுட்டிருந்துச்சுங்க. பாறை எத்தாப் பெருசு தெரியுமுங்களா! சுத்தி ஒரு தடவ வந்தனுங்க. மறுக்காவும் ஒரு தடவ வந்தனுங்க."

ஆமை இல்லாமல் எதற்கு இத்தனை சந்தோஷம் என்று நான் கேட்கவில்லை.

சாயங்காலம் அறை வாசலில் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே, "காது எப்படீங்க இருக்குது?" என்றாள்.

இடது காதைத் தொட்டுப் பார்த்து, பரவாயில்லை என்றேன்.

"உள்ள வலது காதத்தானுங்க காட்டுனீங்க."

வலி சில சமயம் இடம் மாறும் என்றேன்.

"மாறுமுங்களா?"

"மாறும்."

அவள் துணியை உதறிக் கொடியில் போட்டாள். கிளிப் மாட்டினாள். என் பனியன் பறந்துவிடாமல் அதற்கு மட்டும் இரண்டு கிளிப் போட்டாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"நாளைக்கும் வலிக்குமுங்களா?"

வலிக்கும் என்றேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

காது வலி. வலது.

ஆமை வந்திருந்தது. படகு கரை சேரும் வரை பூங்கோதை அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். நான் குறுக்கே பேசாமல் இரண்டு காதாலும் கேட்டுக்கொண்டு வந்தேன்.